முழிப்போடு இருக்கும்போதே மூச்சுக்குழாயில் ட்யூப்: அப்பா தாங்குவாரா?

தேரிக்காடு (திங்கள், இரவு 11.40)

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர், முழுநேரமும் வாயில் பாக்கு. இப்போது இடது கன்னத்தில் புற்றுநோய். வியாழக்கிழமை ஆபரேஷன். அவர் வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்காது. சாதத்தைக் கரைத்துத்தான் ஊட்டுகிறோம்.

இன்று மயக்க டாக்டர் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், டார்ச் அடித்தார், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "இவரை முதலில் தூங்கவைக்க முடியாது. முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா விட்டு ட்யூப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மயக்கம்." கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அதைக் கேட்டதிலிருந்து அப்பா கஞ்சிகூடக் குடிக்கவில்லை. "ஆட்டுக்குக்கூட அப்படிச் செய்யமாட்டாங்கடா" என்றார் ஒரு தடவை, அவ்வளவுதான். ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டுச் செய்தால் என்ன? ரொம்ப வலிக்குமா? அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நெட்டில் தேடினால் வீடியோக்கள் வருகின்றன, ஒன்றைப் பார்த்துவிட்டுப் பாதியில் மூடிவிட்டேன்.

சந்தேகப்பேர்வழி (திங்கள், இரவு 11.58)

ஆஸ்பத்திரியை மாற்றுங்கள் தம்பி. இந்தக் காலத்தில் யாராவது முழித்திருக்கும்போது ட்யூப் போடுவார்களா?

மயக்கமில்லாதவன் (செவ்வாய், காலை 5.50)

போடுவோம். நான் மயக்க டாக்டர்தான், பெயர்ப்பொருத்தம் தற்செயல். சந்தேகப்பேர்வழி, தெரியாத விஷயத்தில் ஆஸ்பத்திரியை மாற்றச் சொல்லாதீர்கள். முழித்திருக்கும்போது போடுகிறேன் என்று சொல்லும் டாக்டரை விட்டுவிட்டு, தூங்கவைத்தே போட்டுவிடலாம் என்று சொல்பவரிடம் இவர் போய்ச் சேர்ந்தால் அதுதான் ஆபத்து.

தேரிக்காடு, காரணத்தைச் சொல்கிறேன், அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். சாதாரணமாக நாங்கள் நோயாளியைத் தூங்கவைத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, வாயைத் திறந்து குரல்நாணைப் பார்த்து ட்யூபை உள்ளே விடுவோம். தூங்கின உடனே நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரியும், மூச்சும் நின்றுவிடும். அந்த இடைவெளியில் முகத்தில் மாஸ்க்கை வைத்து நாங்கள்தான் மூச்சுக் கொடுப்போம். உங்கள் அப்பாவுக்கு மாஸ்க்கில் காற்று போகவில்லை என்று வையுங்கள். வாயும் திறக்காது. உடம்பில் சேர்த்துவைத்த ஆக்ஸிஜன் சில நிமிடங்கள்தான் தாங்கும். அதற்குள் கழுத்தைக் கீறி வழி போட்டாக வேண்டும். முழித்திருக்கும் மனிதனுக்கு அந்த இடைவெளியே கிடையாது. தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருப்பார். ட்யூப் உள்ளே போகவில்லையென்றால் ஸ்கோப்பை, அதாவது அந்தக் கேமராக் குழாயை, வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்து யோசிக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மயக்கம் கொடுத்தால் வாய் தளர்ந்து திறந்துகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கினால் இறுகிய வாய் திறக்காது. கன்னத்துக்கு உள்பக்கம் நார்கட்டிப் போயிருக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்து நாரை என்ன செய்யும்?

இது புதிது என்றும் நினைக்க வேண்டாம். 1878-ல் கிளாஸ்கோவில் வில்லியம் மேக்இவன் என்ற சர்ஜன், நாக்கின் அடியில் கட்டி இருந்த ஒருவருக்கு, முழித்திருக்கும்போதே விரலால் தடவி மூச்சுக்குழாயில் ட்யூபை விட்டு, அதன் வழியாகக் குளோரோஃபார்ம் கொடுத்திருக்கிறார். அன்று தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்து எதுவும் இல்லை. இன்று லிக்னோகெய்ன் இருக்கிறது. வலி பற்றி மாலையில் எழுதுகிறேன், எட்டு மணிக்கு கேஸ்.

கழுத்துப்பட்டை (செவ்வாய், காலை 9.15)

எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. தேரிக்காடு, முதல் தடவை எப்படி இருந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன், பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள்.

முதுகெலும்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய் எனக்கு. கழுத்து அசையவே அசையாது, பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவேன். 2011-ல் வலது இடுப்பு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போடலாமென்றால் எலும்புகளுக்கு நடுவே இடமில்லை. அதனால் முழு மயக்கம், அதற்கு முன்னால் இந்த ட்யூப்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். காலையில் மூன்றாவது கேஸ் நான், முந்தைய ஆபரேஷன் இழுத்துவிட்டதால் எல்லோரும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி நின்றார்கள். படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் யாரோ நின்றார், முகம் தெரியவில்லை. மூக்கில் ஜெல்லி மாதிரி எதையோ விட்டார்கள், தொண்டையில் மூன்றோ நான்கோ ஸ்ப்ரே. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழாய் உள்ளே வந்துவிட்டது. தொண்டையின் பின்பக்கம் அது இடித்ததும் ஓங்கரிப்பு, இருமல், கண்ணில் தண்ணீர். இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்று ஒரு குரல். கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு ரிலாக்ஸ் என்றால் எப்படி?

அதிலும் மோசம், குரல் போன நொடி. "போதும் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. ட்யூப் குரல்நாணைத் தாண்டினால் குரல் வராது என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பல மாதம் தூக்கத்தில் அது வந்தது.

இரண்டாவது தடவை 2019, இடது இடுப்பு, வேறு ஊர். டாக்டர் ஒரு பெண். முந்தின நாள் வார்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போன தடவை என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "நாளைக்கு நான் உங்க முன்னாடி நிப்பேன், என் மூஞ்சி தெரியும். இடது கை உங்களுடையது, அதை யாரும் பிடிக்க மாட்டாங்க. அதைத் தூக்கினா நான் கையை எடுத்துடுவேன்" என்றார்.

மறுநாள் அரைமணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. வாய் காய்வதற்கு ஒரு ஊசி, நெபுலைசரில் கசப்பான புகை, மூக்கில் மருந்து நனைத்த திரி, தொண்டையில் ஸ்ப்ரே, மறுபடி காத்திருப்பு. என்னை உட்காரவைத்தே எல்லாம் செய்தார். தொண்டை எப்படி ஆகும் தெரியுமா? பல் டாக்டரிடம் ஊசி போட்டால் உதடு தடித்த மாதிரி இருக்குமே, அது தொண்டைக்குள். எச்சில் விழுங்கினோமா இல்லையா என்றே தெரியாது. காற்று உள்ளே போகிற உணர்வும் மங்கிவிடும், அப்போது ஒரு பயம் வரும். அவர் அதையும் முன்பே சொல்லியிருந்தார்: "மூச்சு வரலைன்னு தோணும், ஆனா வரும், மானிட்டர்ல ஆக்ஸிஜன் 99 காட்டும், நானும் படிச்சுச் சொல்றேன்." அப்படியே தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார், கோவில் கிளிமாதிரி.

குழாய் மூக்கில் போகும்போது அழுத்தம் இருந்தது, வலி என்று சொல்ல மாட்டேன். மூக்குத்துவாரத்துக்குள் சுண்டுவிரலை யாரோ ஆழமாக விடுகிற மாதிரி. இரண்டு இருமல். "இப்ப குரல் போகும், பயப்படாதீங்க" என்றார், போனது. ஒரு நிமிடத்துக்குள் கையில் பால் மாதிரி வெள்ளை மருந்து ஏறியது. அவ்வளவுதான்.

ஒரே உடம்பு, ஒரே கழுத்து. அப்பாவிடம் இரண்டாவதை மட்டும் சொல்லுங்கள்.

தேரிக்காடு (செவ்வாய், காலை 9.50)

அண்ணா, நன்றி. முதல் பாதியைப் படிக்கும்போது கை நடுங்கியது. இரண்டாவதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கையைப் பிடிக்க மாட்டாங்களாமா?" என்று மட்டும் கேட்டார். அந்த வெள்ளை மருந்தைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தால் நல்லதுதானே?

பிஜி ரெண்டாம் வருஷம் (செவ்வாய், பகல் 1.20)

மயக்க மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்து, மூத்தவர்கள் திருத்தலாம். மிடாசோலம் என்ற தூக்க மருந்தும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டால் நோயாளிக்கு நினைவே இருக்காது. எங்கள் யூனிட்டில் பெரும்பாலும் அப்படித்தான். ரவுண்ட்ஸில் கேட்டால் "ட்யூபா, எப்ப போட்டீங்க?" என்பார்கள். இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்?

மயக்கமில்லாதவன் (செவ்வாய், இரவு 8.10)

பிஜி தம்பி, நினைவில்லை என்பதும் கஷ்டப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. மிடாசோலம் கொடுத்தவர் திமிறி, இருமி, கையைத் தட்டிவிட்டு, மறுநாள் ஒன்றும் ஞாபகமில்லை என்பார். திமிறின நேரத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, மூக்கில் ரத்தம் வந்தது, உனக்கு ஸ்கோப்பில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உடனே என்ன செய்கிறாய்? இன்னும் கொஞ்சம் ஃபென்டனில். மூச்சு குறைகிறது. எந்த மனிதனைத் தூங்கவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தோமோ, அவனைத் தவணை முறையில் தூங்கவைத்தாயிற்று.

மரக்கச் செய்வது சரியாக இல்லாத இடத்தில் மயக்க மருந்து அதை ஈடுகட்டாது. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதுதான் இருக்கிறது: நல்ல மரப்பு இருந்தால் செடேஷன் (அரைத்தூக்க மருந்து) இல்லாமலேயே செய்யலாம், கொடுப்பதாக இருந்தால் குறைவாகக் கொடு, அதைப் பார்த்துக்கொள்ள முடிந்தால் தனியாக ஒரு டாக்டர் நிற்கட்டும். ஸ்கோப் பிடிப்பவனே ஊசியையும் தள்ளினால் இரண்டும் அரைகுறை.

அதற்காக ஒன்றுமே கொடுக்காதே என்று சொல்லவில்லை. நானே டெக்ஸ்மெடிட்டோமிடின் கொடுப்பேன், கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் வரை, பத்து நிமிடத்தில் மெதுவாக. கண் சொருகும், கூப்பிட்டால் விழிப்பார், மூச்சு அவ்வளவாகக் குறையாது. நாடித்துடிப்பு இறங்கும், அதில் ஒரு கண் வேண்டும். ஏற்கெனவே மூச்சு அடைத்து விசில் சத்தத்தோடு வருகிற நோயாளிக்கு நான் எதையும் தொடமாட்டேன். அவர்களுக்கு ஸ்ப்ரே அடிப்பதேகூடச் சில சமயம் மூச்சுப்பாதையை மூடிவிடும், கழுத்தில் கத்தி வைக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தேரிக்காடு, வெள்ளை மருந்து கேட்டீர்களே, அது ப்ரொபோஃபால். ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று இரண்டு விதமாகப் பார்த்த பிறகுதான் அது. ஒன்று, ஸ்கோப்பில் மூச்சுக்குழாயின் வளையங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு, மானிட்டரில் கார்பன் டையாக்ஸைடு அலை வரவேண்டும். அந்த அலையைப் பார்க்கும் சில நொடிகளைக் குறைக்க முடியாது. கழுத்துப்பட்டை சொன்ன குரல் போகும் நேரம் அதுதான். அதை முன்கூட்டிச் சொல்லாதது எங்கள் தப்பு.

இனி வலி. மரக்கச் செய்யப் பயன்படுத்துவது லிக்னோகெய்ன். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943-ல் தயாரித்தது, பல் டாக்டர் போடுவதும் இதுதான். 10 சதவீத ஸ்ப்ரேயில் ஒரு தடவை அழுத்தினால் 10 மில்லிகிராம். 4 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 40. நான் சொன்ன வழிகாட்டியில் உச்சவரம்பு கிலோவுக்கு 9 மில்லிகிராம், கொழுப்பில்லாத எடைக்கு. அப்பாவுக்கு அந்த எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 450. ஸ்ப்ரே மட்டும் என்றால் 45 அழுத்தல், 4 சதவீதம் என்றால் 11 மில்லி சொச்சம். அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆனால் மூன்று ஸ்ப்ரே அடித்துவிட்டு ஸ்கோப்பை எடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மருந்து இருக்கிறது. கொடுத்துவிட்டுக் காத்திருக்க யாருக்கும் மனசு வருவதில்லை, அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

அளவு மீறினால் உதடு சுற்றிலும் மதமதப்பு, காதில் ரீங்காரம், வாயில் இரும்பு ருசி, அதற்கும் மேலே போனால் வலிப்பு. அதனால் எவ்வளவு போயிற்று என்று ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். நோயாளியைப் பேச்சுக்கொடுத்தபடி முழிப்போடு வைத்திருப்பதில் இதுவும் ஒரு லாபம். காதில் சத்தம் கேட்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

பிஜி ரெண்டாம் வருஷம் (செவ்வாய், இரவு 8.45)

சார், லிஸ்ட்டில் பத்து கேஸ் இருக்கிறது. ஒருவருக்கு நாற்பது நிமிடம் என்றால் சர்ஜன் என்னைத் தின்றுவிடுவார்.

மயக்கமில்லாதவன் (செவ்வாய், இரவு 8.52)

நெபுலைசரையும் மூக்குத் திரியையும் தியேட்டருக்கு வெளியே, முந்தைய கேஸ் தையல் போடும்போதே ஆரம்பி. சர்ஜனுக்குத் தெரியவே தெரியாது.

பச்சைச்சட்டை (செவ்வாய், இரவு 10.30)

நான் தியேட்டர் டெக்னீசியன், இருபது வருடம். டாக்டர்கள் மருந்து பற்றிப் பேசியாயிற்று, மிச்சம் நான் சொல்கிறேன்.

ட்யூப் பாக்கெட்டிலிருந்து எடுத்தால் விறைப்பாக இருக்கும். ஏசி தியேட்டரில் இன்னும் விறைக்கும். மூக்கு வழியாகப் போடுவதென்றால் வெதுவெதுப்பான சலைன் பாட்டிலில் அதை ஊறவைப்பேன். அஞ்சு நிமிடத்தில் வெந்த சேமியா மாதிரி வளையும். சில டாக்டர்கள் இதைக் கேட்பதில்லை, நானாகவே ஊறவைத்துவிடுவேன். மூக்கில் ரத்தம் வருவது பாதி குறையும், இது என் கணக்கு, புத்தகக் கணக்கு இல்லை.

அப்புறம் எந்த மூக்கு? ஒரு பக்கத்தை விரலால் அடைத்து மூச்சு விடச் சொல்லிப் பார்த்து, காற்று தாராளமாக வரும் பக்கம். அதில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இரண்டு மூன்று சொட்டு, ரத்தக்குழாய் சுருங்க. நோயாளியிடம் கேட்டாலே "எனக்கு எப்பவும் வலதுதான் சார் அடைக்கும்" என்று சொல்வார். கேட்க வேண்டும்.

ஸ்கோப் உள்ளே போய்விட்டது, ட்யூப் மட்டும் குரல்நாணுக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கேதான் புதுசாகப் படிப்பவர்கள் தள்ளுவார்கள். தள்ளினால் நோயாளிக்கு வலியில் உயிர் போகிற மாதிரி இருக்கும். தள்ளக் கூடாது. கொஞ்சம் பின்னால் இழுத்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்பி, "பூவை மோந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது குரல்நாண் விரியும், ட்யூப் வழுக்கிக்கொண்டு போய்விடும். மல்லிகைப்பூ என்று சொன்னால் இன்னும் நன்றாக இழுப்பார்கள், பொய்யில்லை.

சக்‌ஷன் மெஷின் சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திடீரென்று காதுக்குப் பக்கத்தில் உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் படுத்திருக்கும் மனிதன் துள்ளுவான். நான் முதலில் அவர் கையில் வைத்து ஒரு தடவை ஓட்டிக் காட்டுவேன்: "இதுதான் ஐயா, எச்சில் எடுக்கற மெஷினு." மரத்துவிட்டதா என்று பார்ப்பதற்கும் மெல்லிய சக்‌ஷன் குழாயைத்தான் தொண்டைக்குள் விட்டுப் பார்ப்போம். ஓங்கரித்தால் இன்னும் மரக்கவில்லை என்று அர்த்தம்.

வடமராட்சி (புதன், அதிகாலை 3.05)

லண்டனில தியேட்டர் நர்ஸா வேலை செய்யிறன். இங்கே இரவு பத்தரை, இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்து வாசிக்கிறன். ஓம், பச்சைச்சட்டை அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கட இடத்திலயும் ஆளை இருத்தி வைச்சுத்தான், டொக்டர் முன்னுக்கு நிண்டுதான் செய்யிறவை. மூக்கில வேகமா ஈரமான ஒக்சிஜன் விடுற மெஷின் தொடக்கத்திலயிருந்து கடைசி மட்டும் ஓடும். அதால மூச்சு முட்டுற பயமும் கொஞ்சம் குறையும்.

ஃபைபர் ஸ்கோப் வைச்சு முதன்முதலில மூக்கால ட்யூப் போட்டது இந்த ஊரிலதான், குவீன் ஸ்குவேர் ஆஸ்பத்திரியில. பீற்றர் மேர்ஃபி எண்ட டொக்டர், 1967. மூட்டு வாதத்தால பாதிக்கப்பட்ட ஒரு ஆளுக்கு, பித்தக்குழாய் பாக்கிற ஸ்கோப்பை எடுத்து மூக்கால விட்டிருக்கிறார். வேற ஒரு வேலைக்குச் செய்த சாமான்.

நான் சொல்ல வந்தது வேற. தமிழ் ஆக்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவினம். ஒருக்கா ஒரு வயசான அம்மா, கழுத்தில பெரிய கட்டி. இங்கிலீஷ் ஒரு சொல்லும் விளங்காது. எனக்கு அண்டைக்கு வேற ஒரு வேலையும் தரேல்லை. அவவின்ட காதடியில நிண்டு கதைக்கிறது மட்டும்தான் என்ட வேலை. "இப்ப கசக்கும் அம்மா. இப்ப மூக்குக்குள்ள ஒண்டு வரும். நல்லா இழுத்து மூச்சு விடுங்கோ." பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒண்டும் கேட்கக் கூடாது, அதுதான் முக்கியம். வாயைத் திறந்து பதில் சொல்லப் போனால் தொண்டை அசையும், டொக்டருக்குக் கரைச்சல். நான் அவவின்ட ஊரைப் பற்றியும் மாமரத்தைப் பற்றியும் கதைச்சன். ட்யூப் போன பிறகு என்ட விரலை இறுக்கிப் பிடிச்சவ, நித்திரையான பிறகுதான் விட்டவ.

சந்தேகப்பேர்வழி (புதன், காலை 7.30)

சரி, முதல் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். கழுத்தில் ஊசி குத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன், அது இதில்தானா?

கழுத்துப்பட்டை (புதன், காலை 8.00)

எனக்கு இரண்டு தடவையும் குத்தவில்லை. இரண்டாம் டாக்டரிடம் கேட்டேன், ஸ்கோப் வழியாகவே மருந்தைத் தெளித்துக்கொண்டு போவேன், ஊசி வேண்டாம் என்றார். அதுதான் நல்லது. கழுத்தில் ஊசி என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

மயக்கமில்லாதவன் (புதன், காலை 8.20)

இதில் நான் கழுத்துப்பட்டையோடு ஒத்துப்போகவில்லை. குரல்வளைக்குக் கீழே தோல் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஊசி விட்டு, காற்று வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இரண்டு முதல் நான்கு மில்லி மருந்தைச் சட்டென்று செலுத்துவோம். பலமாக நாலு இருமல் வரும். அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் பூசிவிடும். குத்தும் இடத்தில் முதலில் தோலை மரக்கச் செய்துவிட்டால் எறும்பு கடித்த மாதிரிதான். அதற்குப் பிறகு ட்யூப் இறங்கும்போது இருமலே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நொடிச் சங்கடத்துக்கு ஐந்து நிமிட நிம்மதி.

தெளித்துக்கொண்டே போவதும் நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு தெளிப்புக்கும் பின்னால் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். அவசரக்காரன் கையில் அது வெறும் தண்ணீர் தெளிப்பு. கழுத்தில் கட்டி இருந்தாலோ ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ ஊசி கிடையாது. தேரிக்காட்டின் அப்பாவுக்கு எது என்பது அவருடைய டாக்டர் கை எதை நம்புகிறதோ அது. கை பழகின முறையே நோயாளிக்கும் சுகம்.

பிஜி ரெண்டாம் வருஷம் (புதன், மாலை 6.40)

இன்று ஒரு கேஸ். தாடை மூட்டு இறுகிப்போன பையன், 19 வயது. தியேட்டருக்கு வெளியே நெபுலைசர், மூக்குத் திரி, முப்பது நிமிடம். மிடாசோலம் ஒரே ஒரு மில்லிகிராம். சர்ஜன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு இருமலோடு ட்யூப் போயிற்று. டெக்னீசியன் அண்ணனிடம் ட்யூபை ஊறவைக்கச் சொன்னேன், "இப்பதான் ஒருத்தர் கேட்டிருக்கீங்க" என்றார்.

தேரிக்காடு (புதன், இரவு 9.15)

மாலையில் டாக்டர் மறுபடி வந்தார். எல்லோரும் சொன்னதை மூன்று கேள்வியாக்கிக் கேட்டேன். கை கட்டாமல் இருக்குமா, குரல் போகும்போது சொல்வீர்களா, அப்பாவிடம் தமிழில் பேசிக்கொண்டே இருக்க ஒருவர் நிற்பாரா. கோபப்படுவாரோ என்று பயந்தேன். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று சிரித்தார். மூன்றுக்கும் சரி என்றார். அப்பாவை நெட்டுக்குத்தாக உட்காரவைத்து மூச்சு இழுக்கச் சொல்லி ஒரு ஒத்திகை மாதிரிகூடப் பார்த்தார். அப்பா கஞ்சி குடித்துவிட்டார்.

தேரிக்காடு (சனி, மாலை 5.30)

ஆபரேஷன் முடிந்தது. ஒன்பது மணி நேரம். இரவு முழுக்க ட்யூபோடு ஐசியூவில் வைத்திருந்து நேற்று மதியம் எடுத்தார்கள். கன்னத்தில் தையல், பேச முடியாது. சிலேட்டு மாதிரி ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், அதில் எழுதுகிறார்.

ட்யூப் போட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எழுதினார்: "கசப்பு. வேப்பெண்ணெய்." அப்புறம் யோசித்து, "வலி இல்ல. மூக்குல பெரிய சளி மாதிரி." கழுத்தில் ஊசி போட்டார்களாம், அதற்கு "எறும்பு" என்று எழுதினார். மயக்கமில்லாதவன் சார், உங்கள் சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அவராகவே எழுதினார்.

நடுவில் ஒரு தடவை இடது கையைத் தூக்கினாராம். எதற்கு என்று கேட்டேன். "தூக்கினா நிறுத்தறாங்களான்னு பாத்தேன்" என்று எழுதினார். நிறுத்தினார்களாம்.

தொண்டை வலி இருக்கிறது, மூக்கில் நேற்று கொஞ்சம் ரத்தக் கசிவு. டாக்டர் இரண்டு மூன்று நாளில் சரியாகும் என்றார்.

கழுத்துப்பட்டை (சனி, மாலை 5.48)

லாரிக்காரர் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

வடமராட்சி (சனி, இரவு 7.20)

சந்தோசம். அப்பாவை நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆர் பக்கத்தில நிண்டு கதைச்சது எண்டு கேட்டனீங்களா?

தேரிக்காடு (சனி, இரவு 7.45)

கேட்டேன் அக்கா. ஒரு நர்ஸ் பொண்ணாம், பெயர் தெரியவில்லை. எந்த ரூட்டில் வண்டி ஓட்டினீர்கள் என்று ஆரம்பித்து, அவரைப் பதில் சொல்லவிடாமல் அவளே தூத்துக்குடியிலிருந்து பெங்களூர் வரை ஒவ்வொரு டோல்கேட்டாகச் சொல்லிக்கொண்டு போனாளாம். சேலம் தாண்டும்போது தூங்கிவிட்டார். தொப்பூர் சொன்னாளா என்று தெரியவில்லை என எழுதுகிறார்.

மயக்கமில்லாதவன் (சனி, இரவு 10.05)

நல்ல செய்தி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மயக்கம் கொடுத்த விவரத்தைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் எவ்வளவு திறந்தது, எந்த மூக்கு, எந்த அளவு ட்யூப், முழித்திருக்கும்போது போட்டது, எத்தனை முயற்சி. ரேடியேஷன் கொடுத்தால் வாயும் கழுத்தும் இன்னும் இறுகலாம். அடுத்த தடவை வேறு ஊரில், நடுராத்திரியில், வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால் அவருக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

தேரிக்காடு (ஞாயிறு, காலை 11.10)

எழுதி வாங்கிவிட்டேன் சார். வலது மூக்கு, 6.5 அளவு, முதல் முயற்சி. லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிரதி அப்பா சட்டைப்பைக்கு, லைசென்ஸ் வைக்கிற பையில்.